சுரண்ட வேண்டாம் என்று வந்த படகு

குட்டியானை வண்டியில் அந்தப் படகு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்று எனக்குச் சஷ்டி விரதம். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அதனால்தானோ என்னவோ, அன்றைக்குப் பேசினது ஒன்று விடாமல் மனசில் நிற்கிறது.

படகைக் கொண்டுவந்தவர் என் அண்ணன். கணியூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். அமராவதிக் கரையில் ஒரு தோட்டத்துக்குள் தங்கும் விடுதி நடத்தியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போனபோது, மாமரத்தடியில் கவிழ்ந்து கிடந்த அலுமினியப் படகை அண்ணன் பார்த்துவைத்து, கேட்டு வாங்கியிருந்தார். ஆறேழு பேர் உட்காரலாம். தகட்டுக்குத் தகடு ரிவிட் அடித்தது. மேலே நீலப் பெயிண்ட், அது உதிர்ந்த இடத்தில் பச்சை, பச்சையும் உதிர்ந்த இடத்தில் மஞ்சள்.

என் வீட்டுக்காரரும் அண்ணனும் டிரைவரும் சேர்ந்து அதைப் பின்பக்கம் தூக்கிப் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் கவிழ்த்தார்கள். அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறப் போனவர், திரும்பி வந்தார்.

“மாப்பிள்ளை, ஒண்ணே ஒண்ணுங்க. பழைய பெயிண்டைச் சுரண்டாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு அப்படியே மேல அடிச்சுருங்க.”

“ஏனுங்க மச்சான்?”

“சும்மா சொல்றனுங்க. சுரண்ட வேண்டாம்.”

“ஒழுகாதுங்களே?”

“நேத்துக்கூட வாய்க்கால்ல போட்டு நானே ஏறி உக்காந்து பார்த்தனுங்க. ஒரு சொட்டு உள்ள வரலே.”

வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். “ஏன் சுரண்ட வேண்டாங்கறாரு உங்கண்ணன்?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

படகு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் குளக்கரையில் முருகன் கோயில் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்த பிறகு, தைப்பூசத்துக்குத் தெப்பம் விடலாம் என்று ஊரில் முடிவாயிற்று. சாயம் போடுகிற டையிங் பட்டறைக்குக் கெமிக்கல் வருகிற நீல பேரல்களை மூங்கிலோடு கட்டி, மேலே பலகை போட்டுச் சாமியை ஏற்றினார்கள். நடுக்குளத்தில் ஒரு பக்கத்துப் பேரல்களின் கயிறு தளர்ந்து தெப்பம் சாய்ந்தது. சாமி சாய்ந்தார். கழுத்து மாலை நழுவித் தண்ணீரில் விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து நின்ற என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து அழுதார். அடுத்த தெப்பத்துக்குச் சாயாத படகு ஒன்றைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டார். அடுத்த தை வருவதற்குள் எங்கள் மகளுக்குக் கல்யாணமும் நிச்சயமானது. தெப்பம் முடிந்த கையோடு முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டி வராமல் எந்தப் பெண்ணும் மணவறை ஏறுவதில்லை. அவளுக்கு இருக்கிற ஒரே மாமன் என் அண்ணன்தான்.

அண்ணன்மேல் என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் உண்டு. முன்பு ஒருமுறை போர்வெல்லுக்கு ஒரு பழைய மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார் அண்ணன். ‘புதுசு மாதிரிங்க’ என்றார். ஒரு மாசம்கூட ஓடவில்லை, கருகிப் போனது. அன்றிலிருந்து அண்ணன் கொண்டுவருவது வெள்ளரிக்காயாக இருந்தாலும் இவர் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்.

நான் மட்டும் என்ன. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். எட்டாவது முடித்துவிட்டுப் போனவள், இன்றைக்கும் போகிறேன். ஒரு பண்டலைக் கொண்டுவந்து வைத்து, ‘இது பார்த்ததுதாங்க்கா, அப்படியே பேக்கிங்குக்குத் தள்ளிருங்க’ என்று யாராவது சொன்னால், நாங்கள் முதலில் அவிழ்ப்பது அந்தப் பண்டலைத்தான். எண்ணெய்க் கறைமேல் சாக்பீஸ் தேய்த்திருப்பார்கள். ஓட்டை விழுந்த இடத்தை உள்ளே மடித்து அயர்ன் போட்டிருப்பார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை அவரிடம் சொன்னது நான்தான். எங்கண்ணன் அப்படிப்பட்டவர் என்று சொல்ல வரவில்லை. கம்பெனிக் கதையாகத்தான் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே தலையாட்டினார்.

மறுநாளே சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். கையில் எந்த வேலையும் நிற்கும். ஆனால் அந்தப் பெயிண்ட் லேசில் வரவில்லை. பட்டைத் தகடு வைத்துச் சுரண்டினார், எமரித் தாள் தேய்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்ததில் முறம் அளவுக்குத்தான் உரிந்தது. உரிந்த இடத்தில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

“என்னமோ மூடி வச்சிருக்கு. எம்-சீல் வச்சு அடைச்சு மேல அடிச்சிருப்பாங்க. அதான் சுரண்டாதீங்கன்னு போனாரு.”

“பார்க்காம சொல்லாதீங்க.”

“பார்க்கத்தானே போறேன்.”

அடுத்த வாரம் டையிங்கில் தெரிந்தவரிடம் சொல்லி ஒரு பை நிறையக் காஸ்டிக் வாங்கிவந்தார். எங்கள் ஊரில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. துணியை வெளுக்க டையிங்கில் போடுவது. இரும்பு கேட்டில் பழைய பெயிண்ட் போக வேண்டுமா, காஸ்டிக். சாக்கடை அடைத்துக்கொண்டதா, காஸ்டிக். கல்லுப்பைத் தட்டையாக்கின மாதிரி வெள்ளைச் செதில் செதிலாக இருக்கும், தண்ணீரில் போட்டால் கொதிக்கும். வேறு ஊரில் இருப்பவர்கள் கடைக்குப் போய் பெயிண்ட் உரிக்கிற மருந்து கேட்டு வாங்குவார்களாக இருக்கும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான்.

நான் படகுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, பத்தி கொளுத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் காஸ்டிக்கைக் கரைத்து மொண்டு மொண்டு ஊற்றினார். சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, சோடா ஒடைச்ச மாதிரி நொரைக்குதுங்க.”

“அழுக்குப் போகுது கண்ணு. நீ அக்கட்டப் போ, கண்ணுல தெறிச்சிரும்.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நீலமும் பச்சையும் மஞ்சளும் பாலாடை மாதிரிச் சுருண்டுகொண்டு வந்தன. ஒரே பகலில் படகு மொட்டையாகிவிட்டது. இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவையும் ஊற்றினார், இடுக்கில் இருந்ததும் போகட்டும் என்று. ஊறட்டும் என்று சாக்கை நனைத்து அடிப்பக்கத்தில் போர்த்தியும் வைத்தார். கழுவின பிறகு தகடு வெள்ளையாக இல்லை, அடுப்புக்கரி பூசினாற்போல இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

அப்புறம்தான் அவர் தேடினார். பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு ரிவிட்டாகத் தடவினார். எம்-சீலும் இல்லை, ஒட்டுத் தகடும் இல்லை.

“ஒண்ணும் இல்லீங்களே,” என்றேன்.

“இல்லே,” என்றார். ஆனால் அவர் முகத்தில் நிம்மதி இல்லை. தேடினது கிடைக்காதவர் முகம் அது. எனக்கும்தான் தெளியவில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஏன் சுரண்ட வேண்டாம் என்றார்?

பிரைமர் அடித்து, அதற்கு மேல் மயில் கழுத்து நிறத்தில் இரண்டு கை அடித்தார். மூக்கில் இரண்டு பக்கமும் வேல் எழுதினார். காய்ந்ததும் கோயில் பூசாரி வந்து பார்த்தார். கும்பிட்டுவிட்டு, “நல்லா இருக்குதுங்க. தண்ணியில உட்டுப் பார்த்தாச்சுங்களா?” என்று கேட்டார். குளத்துக்குத் தூக்கிப் போகும் முன்னால் இங்கேயே பார்த்துவிடலாம் என்று, நிமிர்த்திச் செங்கல்மேல் வைத்து ஓஸ் பைப்பில் தண்ணீர் பிடித்தார்கள். வெளியே வருகிறதா என்று நாங்கள் குனிந்து பார்த்தோம்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடித்தகடு வேர்த்தது. நெற்றியில் வேர்க்கிற மாதிரி, அங்கொன்று இங்கொன்றாக முத்து முத்தாகக் கட்டி, சேர்ந்து, சொட்ட ஆரம்பித்தது. பூசாரி “முருகா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் ஓஸ் பைப்பைச் சுருட்டி மாட்டினார். கையைத் துடைத்தார்.

“பெயிண்டுதான் புடிச்சிட்டு இருந்திருக்கு. தகடு பூராவும் ஊசி ஓட்டை. அது தெரிஞ்சுதான் சுரண்டாதீங்கன்னாரு உங்கண்ணன்.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க.”

“மோட்டாரும் தெரியாமத்தான் குடுத்தாராக்கும். எனக்குக் குடுத்தாப் போகுதுன்னு உட்டுரலாம். இது சாமி ஏறுறது. சாமிக்கே இப்படிப் பண்ணினவரு, எம்புள்ள கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றதா? வேண்டாம். உங்க பெரியப்பா மகன் யாராச்சும் வந்து அந்தச் சீரைச் செய்யட்டும். கணியூருக்குப் பத்திரிகை வைக்க நான் வரலே.”

மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. “மாமா வராட்டி எனக்கு மாலையே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஒழுகுதா? எப்படி அம்மிணி ஒழுகும்?” என்றார்.

“ஏனுங்கண்ணா சுரண்ட வேண்டாம்னு சொன்னீங்க?”

பின்னால் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

“அது... அந்த விடுதி வாட்ச்மேன் சொன்னாரு. தகடு மெலிசு, சுரண்டுனாக் கீறல் உழுந்துரும்னு.”

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?”

“மெலிசுன்னு சொன்னா உங்கூட்டுக்காரரு என்ன சொல்லுவாரு? மச்சான் மறுபடியும் ஓட்டைச் சாமான் கொண்டாந்துட்டாருன்னு சொல்லமாட்டாரா? அந்த மோட்டார்ல இருந்தே நான் எதைக் கொண்டாந்தாலும் மாப்பிள்ளை மோந்து பார்க்கறாரு. அதான் சொல்லலே.”

இதுவும் சாக்பீஸ்தானோ என்று என் புத்தி ஓடியது.

“நீயும் நம்பலியா அம்மிணி?” என்று கேட்டார்.

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் மனசு குழம்பினால் சாமியிடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு எடுப்பது. வெள்ளை வந்தால் சரி. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்து, இரண்டு பொட்டலம் மடித்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அண்ணன் தெரிந்தே கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? கை நீண்டது, எடுக்கவில்லை. சிவப்பு வந்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? எனக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான். முருகா, பூவில் சொல்ல வேண்டாம், வேறு எப்படியாவது காட்டு என்று சொல்லி இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பூவை அவர் காலடியிலேயே வைத்துவிட்டேன்.

அப்புறம் துளசிக்குத் தண்ணீர் விடப் பின்பக்கம் போனேன். வழக்கமாக எடுக்கிற சொம்பு கழுவாமல் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தபோது, துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அலுமினியப் போசி தலைகுப்புற விழுந்து கிடந்தது. அரிசி ஊறப்போடுகிற என் போசி. கொஞ்ச நாளாக அதைக் காணவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மாவு வாங்க வந்தபோது எடுத்துப் போய்விட்டார் என்று நினைத்து, நான் அவரிடம் சரியாக முகம் கொடுத்தே பேசுவதில்லை. எடுத்துக் கழுவி, குழாயில் தண்ணீர் பிடித்துத் துளசியிடம் நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் கால் நனைந்தது.

போசியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வேர்த்துச் சொட்டியது. அதே மாதிரி. உள்ளே விரலை விட்டுத் தடவினேன். அடுப்புக்கரி ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்தப் போசியால்தான் அவர் வாளியில் இருந்து காஸ்டிக்கை மொண்டு ஊற்றியிருக்கிறார். மிச்சத்தோடு அப்படியே இடுக்கில் போட்டிருக்கிறார். என் போசி நல்ல போசி. அதில் யாரும் எம்-சீல் வைக்கவில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை.

அவர் காலைச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். போசி நிறையத் தண்ணீர் பிடித்து, சத்தமில்லாமல் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தரையில் ஈரம் பரவி அவர் வேட்டி நுனியைத் தொட்டது.

“என்ன இது, ஒழுகுது.”

“இதும் எங்கண்ணன் கொண்டாந்ததுங்களா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போசியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். அடியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தது. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். ஃபிட்டருக்குக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. ஒரு பழைய அலுமினிய மூடியில் மீதிக் காஸ்டிக்கைக் கரைத்து ஊற்றிவிட்டு, முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நுரைத்தது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. சாயந்திரம் நான் கம்பெனியில் இருந்து வரும்போது அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதில் விழுந்திருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு எடுக்கலாம் போலிருந்தது.

“அழுக்குப் போகுதுன்னு நெனச்சேன்,” என்றார். “தகடு போயிருக்கு.”

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, “கணியூருக்குப் பொறப்படு” என்றார். தட்டில் வைக்க வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துவைத்தேன். அவர் ஒரு மஞ்சப்பையைத் தனியாக இடுக்கிக்கொண்டார். பஸ்ஸில் என்னவென்று கேட்டதற்குப் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாசலைவிட்டு இறங்கி வரவில்லை. என் வீட்டுக்காரர் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டதும், மஞ்சப்பையில் இருந்து போசியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதென்னுங்க மாப்பிள்ளை, பத்திரிகையோட ஓட்டப் போசி?”

“காஸ்டிக் ஊத்துனனுங்க மச்சான். படகுக்கு.”

“ஊத்துனா?”

“அலுமினியத்தைத் தின்னுபோடும்போல இருக்குது. உங்க படகு நல்ல படகுதாங்க. கெடுத்தது நான்.”

அண்ணன் போசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சண்டைக்குத்தான் வாயைத் திறக்கிறார் என்று நான் பயந்தேன்.

“அப்ப மோட்டாரு?”

“அது உங்களதுதாங்க.”

“ஆமாங்க,” என்றார் அண்ணன். “அது என்னுதுதான். அது கருகுனதுதான்.” 

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். அண்ணி உள்ளே போய் இலை போட்டார்.

படகை என்ன செய்வது என்பதை அவர்களே பேசி முடித்தார்கள். அண்ணன் முன்னதாகவே வந்து தங்கினார். படகுக்கு இரண்டு பக்கமும் நீல பேரல்களை வரிசையாக வைத்து, இந்தத் தடவை கயிறு இல்லாமல் இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்கினார்கள். பாரத்தைப் பேரல் தாங்கும், சாமி உட்கார மட்டும் படகு. பேரல் தெரியாமல் வாழைமரமும் தென்னங்குருத்தும் கட்டி மறைத்தோம். பூசம் அன்று சாயந்திரம் சாமி ஏறினார். ஒரு கயிற்றில் என் வீட்டுக்காரர், எதிர்க் கயிற்றில் அண்ணன். கரையில் எல்லோரும் கண்ணை மூடி அரோகரா சொன்னார்கள். நானும் சொன்னேன், ஆனால் கண்ணை மூடவில்லை. தண்ணீர் படகின் அடியைத் தொடுகிறதா, வேல் எழுதின இடம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று சுற்றும் சாமி சாயவில்லை. மாலை அப்படியே இருந்தது.

ஈர வேட்டியோடு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கொண்டுவந்து மாமாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அண்ணனுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எவர்சில்வர் சொம்பு, சீருக்கென்று வாங்கிவைத்த புதுசு. அவர் வாங்கி, வாயருகில் கொண்டுபோனவர் நிறுத்தினார். சொம்பைத் தலைக்கு மேல் உயர்த்தி அடிப்பாகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னுங்கண்ணா பார்க்கறீங்க?”

“செக்கிங் அம்மிணி,” என்றார். “நீ மட்டுந்தான் பார்ப்பியா?”

மகள் சிரித்தாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அண்ணன் முழுச் சொம்பும் குடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கையில் கொடுத்தபோது, “நம்பறனுங்கண்ணா” என்றேன். போனில் கேட்டதற்கு அன்றைக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது.

“இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டா,” என்றார்.